சிவப்புத் துணி தைத்த அட்டிகை

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எங்கள் கவரிங் நகைக் கடை. வீடு ராஜபாளையத்தில். காலையில் பஸ் ஏறி வந்து நான்தான் கடையைத் திறப்பேன். சாயங்காலம் மில் வேலை முடிந்து கணவர் வந்து சேர்ந்துகொள்வார்.

பட்டாளத்தில் இருக்கும் என் அண்ணன் போன லீவில் வந்தபோது ஒரு வெள்ளி அட்டிகை கொண்டுவந்தான். டெல்லியில் ஓர் ஆப்கன் வியாபாரியிடம் வாங்கியதாம். ஆடும் ஒட்டகமும் ஓட்டிக்கொண்டு, கூடாரத்தோடு இடம் மாறிக்கொண்டே இருக்கும் கூச்சி என்கிற மக்களின் பழைய கைவேலை. கழுத்தைப் பிடிக்கிற அகலமான பட்டை, அதில் சிவப்பும் நீலமுமாகக் கண்ணாடிக் கற்கள், கீழே துளை போட்ட நாணயங்களும் குட்டி மணிகளும். ஒரு நாணயம் விழுந்த இடத்தில் யாரோ சட்டைப் பித்தானைத் தைத்திருந்தார்கள். கழுத்தில் குத்தாமலிருக்க, பின்பக்கம் முழுக்கச் சிவப்புத் துணி. வியர்வை ஏறிக் கறுத்துக் கிடந்தது.

நல்ல விலைக்குப் போகும் என்று கண்ணாடி அலமாரியில் முன்னால் வைத்தேன்.

ஊருக்கு வெளியே ஒரு கல்லூரியில் படிக்கிற ஆப்கன் பெண் ஒருத்தி வளையல் வாங்க வந்தாள். ஹாஸ்டல் பிள்ளைகளிடம் பழகிய தமிழ். வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அட்டிகையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இது எங்க ஜனங்களோடது. எங்க அம்மாவும் கூடாரத்துல பொறந்தவங்கதான். அவங்க கல்யாணத்துக்கு இப்படி ஒண்ணு போட்டாங்க. அத்தை வீட்டுல பத்திரமா இருக்கு."

எடுத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள். நகரும்போதெல்லாம் மணிகள் கிணுகிணுத்தன. கண்ணாடியில் தன்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அத்தோடு நான் விட்டிருக்கலாம். "அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டும்மா" என்றேன்.

"இப்ப வேண்டாம்க்கா."

"செத்த நேரம்தானே. போடு, போடு."

அவள் சந்தோஷத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த ஊர் அம்மாவே பார்த்து நிஜம் என்று சொல்லிவிட்டால், வருகிறவர்களிடம் தைரியமாகச் சொல்லி விற்கலாமே என்கிற கணக்கும் எனக்குள் இருந்தது.

போனில் முக்காடு போட்ட ஓர் அம்மாள் தெரிந்தார். மகளின் கழுத்தைப் பார்த்ததும் அவர் கை தானாகத் தன் கழுத்துக்குப் போனது.

"அவங்க அட்டிகை இப்ப எப்படி இருக்குன்னு கேளு" என்று நான் வேறு எடுத்துக் கொடுத்தேன்.

அவள் கேட்டாள். அந்த அம்மாள் மெதுவாக ஏதோ சொன்னார். இவள் முகம் மாறிவிட்டது. போனை அணைத்துவிட்டு, அட்டிகையைக் கழற்றித் திருப்பி, பின்பக்கத் துணியை விரலால் தடவிப் பார்த்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"அத வித்துட்டாங்களாம். நான் இங்க படிக்க வர டிக்கெட்டுக்கு. எனக்குத் தெரியவே தெரியாதுக்கா." துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுல நீலத் துணி. இது எங்க அம்மாவோடது இல்ல. வேற யாரோ அம்மாவோடது."

வளையலை வாங்காமலே போய்விட்டாள்.

அன்றே அட்டிகையை அலமாரியிலிருந்து எடுத்து வீட்டுப் பீரோவில் வைத்தேன். "ஏட்டி, விக்கிற பொருள வீட்டுல பூட்டி வச்சு என்ன செய்ய?" என்றார் கணவர். மகளுக்குத் தெரியாமல் ஒரு தாய் காத்து வைத்த ரகசியத்தை, ஒரு விற்பனைக்காக உடைத்துப் போட்டேனே என்று உறுத்திக்கொண்டே இருந்தது.

சில மாதம் கழித்து அவளே கடைக்கு வந்தாள். பட்டமளிப்பு விழாவாம். "அம்மா உங்ககிட்ட அது இன்னும் இருக்கான்னு கேட்டாங்க. நான் அத போட்டுக்கிட்டு நிக்கிறதப் பாக்கணுமாம். வாடகைக்குத் தருவீங்களா?"

வாடகை என்ற சொல் சுருக்கென்று குத்தியது. "நானே கொண்டு வாரேன்" என்றேன்.

விழாவுக்கு மற்ற பிள்ளைகளுக்கு அப்பா அம்மா வந்திருந்தார்கள். அவளுக்கு நான். கறுப்பு அங்கிக்கு மேல் நானே கொக்கி மாட்டிவிட்டேன். அவளைப் பார்ப்பதற்காக அந்த அம்மாள் போனில் காத்திருந்தார். மகளைப் பார்த்து அழுதார், சிரித்தார். பிறகு என்னைக் காட்டச் சொன்னார். எனக்குப் பெண் பிள்ளை உண்டா என்று மகள் மூலமாகக் கேட்டார்.

"இல்ல, பையன் மட்டும்தான்."

"அப்ப யாருக்காக இத வச்சிருக்கீங்கன்னு கேக்குறாங்க."

விற்கத்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "உங்க மகளுக்குத்தான்னு சொல்லு" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதை அப்படியே அம்மாவிடம் சொன்னாள். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். எனக்கு அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை.

போனை வைத்ததும் அவள் கொக்கியில் கை வைத்தாள். "அம்மாவுக்காகத்தானே அப்படிச் சொன்னீங்க? இந்தாங்கக்கா."

"கழட்டாத" என்றேன். "போட்டுக்கிட்டே போ."