கழுதை மார்க்

மந்திரமூர்த்திக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ரத வீதி முழுக்கத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவனிடம் இருந்தது கோபம் இல்லை, பயம். அது அவன் பெண்டாட்டி குருவம்மாளுக்கு மட்டும்தான் தெரியும்.

முப்பத்தாறாம் வருஷம், வைகாசிக் கடைசி. தென்காசியில் அவர்கள் வீட்டு முன்னறையில், சிவகாசி அச்சாபீஸ் ஏஜெண்டு ஞானசம்பந்தம் லேபிள் படங்கள் ஒட்டிய பெரிய ஆல்பத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாயங்கால ரயிலுக்கு அவர் கிளம்பியாக வேண்டும். அதற்குள் ஒரு பேர் முடிவானால்தான் குற்றாலத்தில் சாரல் தொடங்கும்போது லேபிள் கைக்கு வரும். சீசனை விட்டால் அடுத்த ஆனி வரை கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

சரக்கு தயார். தூளித் துணி, குல்லா, நாடா வைத்த சட்டை, இலவம்பஞ்சு மெத்தை என்று பிள்ளைச் சாமான்கள் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன. தையல் மிஷினை மிதித்தவன் மந்திரமூர்த்தி. அளவு பார்த்து வெட்டியதும், பிள்ளைக்கு உறுத்தாமல் ஓரம் மடித்துக் கைத்தையல் போட்டதும் குருவம்மாள். வினையே அங்கேதான் இருந்தது. அச்சன்புதூரில் இருந்து வாழ வந்தவள், இரண்டு பெற்றாள். இரண்டும் தவழும் முன்னே போய்விட்டன. பிள்ளை தங்காதவள் என்று ஊரில் பேர் விழுந்துவிட்டது. அவள் எதிரே வந்தால் இடுப்புப் பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு நடையைக் கட்டுகிற பெண்கள், அவள் கை பட்ட துணியில் பிள்ளையைக் கிடத்துவார்களா?

அதனால் மந்திரமூர்த்தி ஒரு யோசனை செய்தான். தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் இருப்பதுபோல இதற்கும் ஒரு மிருகத்தின் பேரில் மார்க் போட்டுவிட்டால், மதராஸ் கம்பெனிச் சரக்கு என்று சனம் நினைத்துக்கொள்ளும். யார் தைத்தது என்று கேட்க மாட்டார்கள்.

"கிளி போட்டுருவோம், அண்ணாச்சி" என்றான். "பச்சைக்கிளி. பாத்த உடனே பிள்ளைக சிரிக்கும்."

"பட்சி வேண்டாம்" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குருவம்மாளின் குரல்.

மந்திரமூர்த்தி நாக்கைக் கடித்துக்கொண்டான். பச்சைப்பிள்ளைக்கு மேலே பறவை பறந்தால் பட்சி தோஷம் தட்டிப் பிள்ளை இளைத்துவிடும் என்று பயந்து, பொழுது சாய்வதற்குள் பிள்ளைத் துணியைக் கொடியில் இருந்து எடுத்துவிடுகிற ஊர் அது. அந்த ஊரில் தூளியிலேயே பறவையைக் கட்டித் தொங்கவிடப் பார்த்திருக்கிறான்! பயம் வந்தால் புத்தி இப்படித்தான் வேலை செய்யும்.

ஞானசம்பந்தம் தாளைப் புரட்டினார். யானையை ஒரு குடைக் கம்பெனிக்காரர் முன்னமே மார்க்காக எடுத்துவிட்டார். குரங்குப் படத்தை ஏஜெண்டே தள்ளிவிட்டார். குற்றாலத்தில் குரங்கு பிடுங்குவது போதாதென்று அதற்கு விளம்பரம் வேறா? ஜன்னல் வெயில் தரையில் நீண்டுகொண்டே போனது. அவர் குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இதப் பாருங்க, பசுவும் கன்னும். எந்த மதத்துக்காரங்களும் வாங்குவாங்க."

மந்திரமூர்த்திக்கு முகம் மலர்ந்தது. "இதுதாம்! இதையே முடிச்சிருவோம்."

"கன்னோட நிக்கிற பசுவை நான் தெனமும் துணியில ஒட்ட முடியாது" என்றாள் குருவம்மாள். "என்னால முடியாதுங்க."

"எதச் சொன்னாலும் நொட்டையா? ரெண்டைத் தூக்கிக் கொடுத்தவளுக்கு எதுதாம்ட்டி பிடிக்கும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்தது. அதுவும் ஒரு அந்நியர் முன்னால். ஞானசம்பந்தம் ஆல்பத்தை மூடிவிட்டு எழுந்தார்.

குருவம்மாள் கதவைத் தாண்டி வெளியே வந்தாள். அழவில்லை. அவளுக்கும் ஆத்திரம் வந்திருந்தது.

"கழுதைன்னு வைங்க."

"என்னது?"

"ரெண்டு போய் மூணாவது பெறந்தா என்ன பேரு வைப்பாக? ராசான்னா வைப்பாக? கண்ணு படக்கூடாதுன்னு குப்பை, பிச்சைன்னு வச்சு மூக்கைக் குத்திவிடுதாகல்லா? நமக்கு இதுதாம் மூணாவது." பெட்டிகளைக் காட்டினாள். "அழகாப் பேரு வச்சு இதையும் வாரிக் கொடுக்க எனக்குத் தெம்பு இல்ல. பெறந்த பிள்ளைக்கு நாக்குல கழுதைப்பால் தொட்டு வைக்காத வீடு உண்டுமா? கழுதையே இருக்கட்டும்."

"கிறுக்கி! அப்படிப் பேரு வச்சா பாத்த உடனே தெரிஞ்சு போகுமே, பிள்ளை தங்காத வீட்டுச் சரக்குன்னு! எதை மறைக்க இம்புட்டும் செய்யுதேன்?"

"தெரியட்டும். நீங்க மறைச்சதெல்லாம் போதும்."

ஞானசம்பந்தம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "கழுதைப் படம் எங்ககிட்ட இல்லம்மா. இதுவரைக்கும் யாரும் கேட்டது இல்ல. புதுசா வரையச் சொல்லணும்."

மந்திரமூர்த்தி அவள் காட்டிய பெட்டிகளைப் பார்த்தான், தான் வீசிய சொல்லை நினைத்தான். பிறகு, "வரையச் சொல்லுங்க" என்றான்.

சாரல் தொடங்கியது. குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற பாதையில் பலகை போட்டுக் கடை விரித்தார்கள். குல்லா, சட்டை எல்லாவற்றிலும் காதை நீட்டிக்கொண்டு ஒரு கழுதை நின்றது. மந்திரமூர்த்தி கடைக்கு முன்னால் வரவே இல்லை. பின்பக்கம் நின்று, ஏற்கெனவே கட்டிய கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். வெளியூர்க்காரர்கள் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அதுகூடப் பரவாயில்லை. உள்ளூர்ப் பெண்களுக்கு விஷயம் புரிந்தது. ஒருத்தி குல்லாவைக் கையில் எடுத்தாள், கழுதையைப் பார்த்தாள், குருவம்மாளைப் பார்த்தாள், சத்தமில்லாமல் வைத்துவிட்டு நகர்ந்தாள். லேபிளை எல்லாம் கிழித்து எறிந்துவிடலாமா என்று குருவம்மாளுக்குத் தோன்றியது.

மத்தியானம் போல, ஈரத் தலையோடு ஒரு பெண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். சுந்தரபாண்டியபுரத்துக்காரியாம். கழுதையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். விலையைக் கேட்கவில்லை.

"எத்தன போச்சு?" என்று கேட்டாள்.

குருவம்மாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டு."

"எனக்கு மூணு. இவன் நாலாவது. பேரு குப்பை." பிள்ளையின் மூக்கில் மெல்லிய கம்பி ஒன்று மாட்டியிருந்தது. "அந்தக் குல்லா இவனுக்குச் சேருமான்னு போட்டுப் பாரு."

பலகைக்கு மேலாகப் பிள்ளையை நீட்டினாள். குருவம்மாள் கையை முந்தானையில் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள், ஆனால் நீட்டவில்லை.

"நான் தொடலாமா?"

"தொடாம எப்படிப் போட்டுப் பாப்ப? பிடி. கனமா இருக்கான், ரெண்டு கையாலயும் பிடி."

குருவம்மாள் வாங்கினாள். குல்லாவை மறந்துபோனாள்.