பின்வாசலில் அழுத குழந்தை

எழுபதுகளின் ஆரம்பத்தில், ஒரு சித்திரை மாதம் அது. அடையாறில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் குடியிருந்தோம். நான், என் கணவர், மாமியார். என் முதல் பிரசவம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. குழந்தை இறந்தே பிறந்தது. பெண் குழந்தை. பார்த்தால் தாங்கமாட்டேன் என்று முகத்தைக்கூடக் காட்டாமல் துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள்.

குழந்தை போனது உடம்புக்குத் தெரியவில்லை. பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகக் கனத்தது. காய்ச்சல் வேறு. மாமியார் மல்லிகைப் பூவை வைத்து, பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். பால் வற்றுவதற்கு அதுதான் கைவைத்தியம். சுவரைப் பார்த்தபடியே படுத்துக் கிடந்தேன்.

ஒரு மத்தியானம் ஆற்றங்கரைக் குடிசைகளில் தீப்பிடித்தது. ஜன்னல் வழியாகக் கரும்புகை தெரிந்தது. காற்று பலமாக அடித்ததால், தீயணைப்பு வண்டி வருவதற்குள் வரிசையாக எல்லாம் எரிந்துவிட்டன என்றார்கள். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்ணின் குடிசையும் அங்கேதான். அதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவ்வளவு மரத்துப் போயிருந்தேன்.

மறுநாள் காலை அவள் பின்வாசலில் வந்து நின்றாள். புருவம் கருகியிருந்தது. கையில் ஒரு பச்சைக் குழந்தை. அவளுடைய தங்கையின் பிள்ளை. தங்கை தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

"ராவெல்லாம் கத்திக்கினே கீதும்மா. பாலாடைல பசும்பால் வச்சா துப்புது. தொண்டைல எறங்க மாட்டேங்குது" என்று மாமியாரிடம் சொன்னாள். பிறகு என் பக்கம் பார்க்காமலே, "கேக்கக் கூடாதுதான். எனக்கு வேற போக்கு தெர்லம்மா" என்றாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் குழந்தை மண்ணுக்குள் கிடக்கிறது, என்னிடம் போய் இன்னொரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிறாளே! "கொண்டு போகச் சொல்லுங்க அத்தை" என்று கத்தினேன்.

அவள் "சரிம்மா" என்று திரும்பினாள். அப்போது அந்தக் குழந்தை அழுதது. அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது. தொண்டை வறண்டு கீச்சென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், என் மார்பில் பால் தானாகச் சுரந்து, பூவும் துணியும் நனைந்து வயிற்றில் வழிந்தது.

மாமியார் அதைப் பார்த்துவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அந்தப் பெண்ணை அடுக்களைப் படி தாண்ட விட்டதே இல்லை. அவர்தான் "ஏட்டி, நில்லு" என்று அவளைக் கூப்பிட்டார். என்னிடம் வந்து, "ஒன் இஷ்டந்தான் தாயி. வேண்டாம்னா வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

நான் அழுதுகொண்டே முடிச்சை அவிழ்த்தேன்.

குழந்தை வெடுக்கென்று கவ்வியது. வலியில் உயிர் போயிற்று. அதன் தலைமுடியில் இன்னும் புகை நாற்றம். குடித்தபடியே தூங்கிவிட்டது.

அதன் தாய் அன்று மாலையே இறந்துபோனாள்.

அதற்குப் பிறகு, குடிசை எரிந்ததால் பள்ளிக்கூட வராந்தாவில் தங்கியிருந்த அந்தப் பாத்திரம் தேய்க்கிற பெண் தினமும் குழந்தையைக் கொண்டுவந்தாள். ஒரு நாள் பூவரச இலையில் எதையோ பொதிந்து எடுத்து வந்தாள். பால் சுறா. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்கு அந்த மீனைத்தான் புட்டாகச் செய்து கொடுப்பார்கள். "உனக்கே ஒண்ணும் இல்ல, இது ஏது?" என்று கேட்டேன்.

"மீன் விக்கற குப்பத்துப் பொம்பளைங்க குடுத்தாங்கம்மா. தாயில்லாப் புள்ளைக்கு ஒருத்தவங்க பால் குடுக்கறாங்கன்னு சொன்னேன். உடனே கூடைலேந்து எடுத்துக் குடுத்துட்டாங்க. நீ துன்னாத்தான அது துன்னும்!"

தங்கையைப் பறிகொடுத்து, கட்டின புடவையைத் தவிர எதுவும் மிஞ்சாமல் நின்றவள், நான் சாப்பிடுகிறேனா என்று எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசவத்துக்குப் பிறகு அன்றுதான் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆடி மாதத்தில் அந்த ஜனங்களுக்கெல்லாம் ஊருக்கு வெளியே இடம் ஒதுக்கி லாரிகளில் ஏற்றி அனுப்பினார்கள். கடைசியாக வந்த அன்று குழந்தை என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. "கொஞ்சம் பெருசானதும் இட்டுக்கினு வரேம்மா" என்றாள். வரவில்லை. என் கணவர் ஒரு முறை தேடிப் போனார். பொட்டல் வெளியில் வரிசை வரிசையாகக் குடிசைகள். யாரைக் கேட்டும் தெரியவில்லை. அந்தக் குழந்தை பிழைத்து வளர்ந்ததா என்பதுகூட எனக்குத் தெரியாது.

பிறகு எனக்கு வேறு பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனாலும் முகம் பார்க்காமல் போன மகளின் துக்கம் ஆறவில்லை. அந்தத் தாய் வெந்து செத்ததற்கும் எந்தச் சமாதானமும் எனக்குக் கிடைக்கவில்லை. இன்றைக்கும் எங்கேயாவது குடிசைகள் எரிந்தன என்று கேட்டால் அந்தக் குழந்தையின் தலைமுடியில் வீசிய புகை நாற்றம் நினைவுக்கு வருகிறது. கூடவே, இந்நேரம் எவளோ ஒருத்தி யாருடைய பிள்ளையையோ தூக்கிக்கொண்டு யார் வீட்டுக்கோ நடந்துகொண்டிருப்பாள், போகிற இடத்தில் யாராவது "நில்லு" என்று கூப்பிடுவார்கள் என்றும் மனசு சொல்கிறது.