பன்னீர்ச் செம்பில் ஒயின்

தொண்ணூறுகளில், கணபதி என்ற பகுதியில் எங்கள் புதுப் பட்டறைக்குத் திறப்பு விழா. முதல் வெளிநாட்டு ஆர்டர் தர வந்திருந்த பிரெஞ்சுக்காரர் என் கையில் ஒரு பாட்டிலைக் கொடுத்தார். லேபிள் புரியவில்லை. திறந்தால் ரோஜா வாசம். பன்னீர்தான் என்று செம்பில் ஊற்றி, வந்தவர்கள் மேலெல்லாம் தெளித்தேன்.

“என்ன அம்மணி செஞ்சுபோட்டே? அது ஒயினு!” என்று கணவர் பதறினார்.

குடிப்பவர்களைக் கண்டாலே ஆகாத மாமனாரின் சட்டை நனைந்திருந்தது. ஆர்டரும் போச்சு என்று செம்பைக் கீழே வைத்தேன்.

விஷயம் கேட்டு பிரெஞ்சுக்காரர் சிரித்தார். அவர் நாட்டில் அல்சாஸ் என்ற பகுதியில் அவருடைய அப்பா தோட்டத்துத் திராட்சைக்கே அந்த வாசமாம். காரமான சாப்பாட்டுக்குப் பொருத்தமாம். தனக்கும் தெளிக்கச் சொல்லித் தலையைக் குனிந்தார்.

மாமனார் சட்டையை முகர்ந்தார். “வாசம் நல்லாத்தானுங்க இருக்குது!”

ஆர்டர் கிடைத்தது. நான் முன்கோபக்காரி. இன்றும் தெரியாமல் தப்பு செய்த யாரையாவது திட்ட வாயெடுத்தால், குனிந்த அந்தத் தலை நினைவுக்கு வந்துவிடுகிறது.