குழிக் கண்ணாடி

மூக்குக்கண்ணாடிக்குச் சில்லு தேய்ப்பவருக்குத் தங்கச்சி என்றால் உயிர். கிட்டப்பார்வைக்காரி அவள். அவள் போடும் சில்லைக் கடையில் எல்லாரும் மைனஸ் என்பார்கள், அவர் வாயில் வருவது 'குழி'தான்.

"என்னண்ணே, குழின்னா காதுக்கே நல்லால்ல" என்று ஒருநாள் முகம் சுளித்தாள்.

"தரையில தோண்டினா குழிதானே? இதையும் நடுவுல தோண்டித்தான் எடுக்கறோம். உள்வாங்கின எதுக்கும் குழிவுன்னு பேர் வந்தது அதுலேர்ந்துதான். உன் கன்னத்துல விழுறதும் அதே குழிதான்" என்றார். சிரித்துவிட்டாள்.

அவள் பார்வை குறையக் குறைய, அவரும் ஆழமாகத் தேய்த்துக்கொண்டே வந்தார். கண் நரம்பே போய்விட்டது, இனி எந்தக் கண்ணாடியும் உதவாது என்று போன வாரம் டாக்டர் அவரிடம் சொல்லிவிட்டார். அவருக்கு மனசு கேட்கவில்லை. இன்னொரு ஜோடி தேய்த்து மாட்டிவிட்டு, சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார்.

"முள்ளு தெரியுதா தாயி?"

"கடிகாரமே மங்கலாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் தோண்டேன்ணே."

கழற்றி விரலிடுக்கில் பிடித்துப் பார்த்தார். ஓரம் தடித்துக் கிடந்தது. நடுவே வெங்காயத் தோல் கனம்கூட இல்லை. இனித் தொட்டால் ஓட்டைதான். மெஷினைப் போட்டார். கண்ணாடியை அதில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அவள் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி, முகத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள்.