நானும் அங்கேதான் சாப்பிட்டேன்

கொடைக்கானலில் வாடகைக் கார் ஓட்டிய வருடங்களில் என்னிடம் அதிகம் பேர் கேட்டது ஏரிக்கு வழியல்ல. வண்டியில் ஏறிக் கதவைச் சாத்துவதற்கு முன்பே, நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்பார்கள். பெங்களூர்க்காரர்களுக்குச் சாம்பாரில் கொஞ்சம் இனிப்பு வேண்டும். குஜராத்திக்காரர்களுக்கு மாமிச வாசனை எட்டும் தூரத்தில்கூட வரக்கூடாது. மெட்ராஸ்காரர்களுக்கு எதைப் போட்டாலும் அவர்கள் ஊர் மாதிரி இருக்காது.

எனக்கு நாக்கு நீளம். அதைவிடத் திமிர் ஜாஸ்தி. "நான் சாப்பிடாத எடத்துல உங்கள எறக்க மாட்டேங்க" என்று எல்லோரிடமும் சொல்வேன். அது பொய்யும் அல்ல. பயணிகளைக் கூட்டிவரும் டிரைவருக்கு ஓட்டலின் பின்கட்டில், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டு இலவசமாகச் சாப்பாடு போடுவார்கள். முன்னால் பரிமாறும் அதே சட்டிக் குழம்புதான் பின்னாலும் வரும். மற்ற டிரைவர்கள் ஆம்லெட் சேர்த்துக் கொடுக்கும் இடத்துக்குப் போனார்கள் என்றால், நான் ரசம் நன்றாக இருக்கும் இடத்துக்குப் போனேன். அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அந்த பெஞ்சுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சாப்பிட்ட இடத்தைப் பற்றிப் பயணிகளிடம் வாய் திறக்கக் கூடாது. ஒருவன் குறை சொன்னால் ஸ்டாண்டில் நிற்கும் அத்தனை டிரைவருக்கும் பின்கதவு அடைபட்டுவிடும். யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் யாரும் மீறியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் குளிரை நம்புவோம். மார்கழியில் வெட்டிய கறியை ஜன்னலோரம் தொங்கவிட்டு இரண்டு நாள் கழித்துச் சமைப்போம், ஒன்றும் ஆகாது. என் வீட்டிலும் பாலை ஜன்னல் திண்டின் மேல்தான் வைப்போம். பிரிட்ஜ் என்பது கீழே சமவெளியில் வேகிறவர்களுக்கு என்ற நினைப்பு எங்கள் எல்லோருக்கும் இருந்தது. குளிரில் எதுவும் கெடாது என்று நானே எத்தனையோ பேரிடம் பீற்றியிருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, மே மாதம். சென்னையிலிருந்து கணவன், மனைவி, நாலு வயதுப் பெண் குழந்தை மூன்று நாளைக்கு என் வண்டியை எடுத்திருந்தார்கள். முதல் இரண்டு நாளும் நான் காட்டிய இடங்களில் சாப்பிட்டுவிட்டு, சொந்தக்காரனிடம் பேசுவது போல என்னிடம் பேச ஆரம்பித்திருந்தார்கள். குழந்தை முன்சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம் பிடிக்கும். என்னை "டிரைவர் மாமா" என்றது. எனக்கும் பிடித்துப் போயிற்று.

இரண்டாம் நாள் மாலை காற்றோடு மழை அடித்தது. மரங்கள் சாய்ந்து, முதல் நாளே போயிருந்த கரண்ட் இப்போதைக்கு வராது என்றாகிவிட்டது. மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளனே கிளம்பிப் பூம்பாறை வழியாக மன்னவனூர் போனோம். ஆட்டுப் பண்ணையைப் பார்த்துவிட்டு, ஒரு தோட்டக்காரர் பிடுங்கிக் கொடுத்த கேரட்டைத் தழையோடு பிடித்துக்கொண்டு குழந்தை திரும்பியது. டவுனுக்கு வரும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. மாலை ரயிலுக்கு அவர்கள் கொடைரோடு போக வேண்டும். எனக்குப் பிடித்த ரசம் கிடைக்கும் ஓட்டலில் இறக்கிவிட்டேன்.

பின்பக்கம் போனதுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. கிராம்பும் பட்டையும் வழக்கத்தைவிடத் தூக்கலாக மணந்தன. பின்வாசலில் எப்போதும் கிடக்கும் நாய், தன் முன்னால் கிடந்த கறித்துண்டை முகர்ந்துவிட்டு விலகிப் போனது.

சமையல்காரர் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். நான் கேட்காமலேயே என் தட்டில் தயிர் சாதத்தை வைத்தார். குழம்பு எங்கே என்று கேட்டேன்.

"கோழி வேணாங்க. கரண்ட் இல்லாத பிரிட்ஜுல ரெண்டு நாளா கெடக்கு தானே. குளிர்ல என்னா கெடப்போகுதுன்னு மொதலாளி கேக்கலை" என்றார். பிறகு குரலை இறக்கி, "நான் சொன்னேன்னு வாய் தொறந்துறாதீங்க. இத விட்டா எனக்குப் போக எடமில்ல" என்றார்.

பெஞ்சிலிருந்தபடியே முன்பக்கம் எட்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை என்பதால் பெரியவர்கள் இருவருக்கும் காய்கறிச் சாப்பாடு. குழந்தைக்கு விரதம் ஏது? அதன் முன்னால் சப்பாத்தியும் கோழிக் குழம்பும் இருந்தன. இன்னும் தொடவில்லை. அம்மா பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

எழுந்து போனேன். போய் என்ன சொன்னேன் தெரியுமா? "சார், மூடுபனி எறங்குது, வெரசா கெளம்புனா நல்லது." அவர் சிரித்தார். பத்து நிமிஷம் பொறுங்க, பாப்பாவுக்குப் பசி என்றார். கல்லாவிலிருந்து முதலாளி என்னைப் பார்த்தார். குழந்தை வாய் நிறைய வைத்துக்கொண்டு எனக்குக் கை காட்டியது. நான் பின்கட்டுக்குத் திரும்பித் தயிர் சாதத்தைச் சாப்பிட்டேன். முழுவதும் சாப்பிட்டேன் என்பதை இப்போது நினைத்தால் என்னை நானே அறையத் தோன்றுகிறது.

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். பெருமாள்மலை தாண்டும்வரை குழந்தை கேரட்டை ஆட்டிக்கொண்டு வந்தது. பிறகு பேச்சு நின்றது. டம்டம் பாறைக்குக் கொஞ்சம் முன்னால் முதல் வாந்தி. யாரும் பதறவில்லை. எங்கள் மலைப் பாதையில் வாந்தி எடுக்காத குழந்தை உண்டா? எந்த டிரைவரும் வண்டியில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பான். நானும் எடுத்துக் கொடுத்தேன். வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா பின்சீட்டுக்குத் தூக்கி முதுகைத் தடவினாள். ஆமாங்க என்றேன். மறு வளைவில் மறுபடியும். கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அந்த முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

வத்தலக்குண்டு தாண்டினால் ரோடு நேர் ரோடு. அங்கே வளைவைப் பழி சொல்ல முடியாது. அங்கேதான் நான்காவது தடவை எடுத்தது, வெறும் மஞ்சள் தண்ணீராக. உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்று அம்மா அழுதாள். கொடைரோடு ஸ்டேஷன் வாசலில் வண்டியை நிறுத்தினேன். ரயிலுக்கு இன்னும் கால் மணி நேரம்.

அவர் பெட்டியை இறக்காமல் நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போவதா, ரயில் ஏறுவதா என்று அவருக்குப் புரியவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"மதியம் சாப்பாட்டுல ஏதாவது இருக்குமோ? நீங்களும் அங்கதானே சாப்டீங்க. உங்களுக்கு ஒண்ணும் பண்ணலையே?"

சொல்லியிருக்க வேண்டும். ஒரே வார்த்தை போதும். சமையல்காரர் முகம் வந்தது, ஸ்டாண்டு வந்தது, அந்த பெஞ்சு வந்தது. அதற்கெல்லாம் மேலே, அந்த ஓட்டலில் இறக்கியவன் நான்தானே என்ற வெட்கம் வந்தது.

"நானும் அதே கோழிதான் சாப்டேன் சார். நல்லாத்தான் இருக்கேன்."

அவர் முகம் தெளிந்துவிட்டது. அப்படியென்றால் மலைப் பாதைதான், படுத்துத் தூங்கினால் சரியாகிவிடும் என்று மனைவியிடம் சொன்னார். ஸ்டேஷன் கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினார். என் கையைப் பிடித்துக் குலுக்கி, மூன்று நாளும் நல்ல சாப்பாடு காட்டினீர்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் உங்கள் நம்பரைக் கொடுக்கிறேன் என்றார். குழந்தை அப்பா தோளில் துணி போலக் கிடந்தது. இந்தத் தடவை எனக்குக் கை காட்டவில்லை. ரயில் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

அவர் தன் நம்பரை முதல் நாளே கொடுத்திருந்தார். மலை ஏறும்போது மூன்று இடத்தில் வண்டியை ஓரம் கட்டி அதை எடுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு போன்கள் மாறின, நான் வண்டி ஓட்டுவதையே விட்டுவிட்டேன், அந்த நம்பரை மட்டும் ஒவ்வொரு போனிலும் மறுபடி ஏற்றிக்கொண்டேன். தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிறேன் என்றவர் அனுப்பி ஒருவர்கூட வரவில்லை. அவரும் என்னை அழைக்கவில்லை. நான் அழைத்து, பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டதும் இல்லை.