மாமனார் மெச்சிய வீடு

ஐம்பதுகளின் நடுப்பகுதி. மாசி அறுவடை முடிந்து வயல்களில் அடிக்கட்டை மட்டும் நின்ற நாட்கள். கிளிநொச்சிப் பக்கம், இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி அமைத்த ஒரு குடியேற்றத் திட்டத்தில் நானும் மனைவியும் இருந்தோம். எனக்கு இருபத்தேழு வயது. எஸ்.எஸ்.சி. படித்தும் உத்தியோகம் கிடைக்காமல், காணி தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன்.

எங்கள் வாய்க்கால் தெருவில் பதினெட்டு வீடுகள். பதினெட்டும் அரசாங்கம் ஒரே அச்சில் கட்டிக் கொடுத்தவை. இரண்டு அறை, முன்னுக்கு விறாந்தை, பின்னுக்குச் சமைக்கக் குசினி, மூன்று ஜன்னல், நான்கு கதவு. எதையும் எண்ணிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. ஆகவே உறுதியாகச் சொல்வேன்: ஒன்பதாம் வீட்டுக்காரருக்கு அரசாங்கம் என்னைவிட ஒரு ஓடுகூடக் கூடுதலாகக் கொடுக்கவில்லை. என் வீடு பத்தாவது.

அப்படியிருந்தும் தெருவால் போகிறவர்கள் அவர் வீட்டுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டு பார்ப்பார்கள். பிறகு என் வீட்டைத் திரும்பியும் பாராமல் மிதித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அவர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். என்னைவிட ஆறு வயது மூப்பு. கையில் காசு இல்லாத விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒன்றுதான். ஆனால் அவருடைய கையில் எது அகப்பட்டாலும் வீட்டுக்கு ஒரு அழகாக மாறிவிடும். கோதுமை மா வந்த துணிப்பைகளை வெளுத்து, மஞ்சளில் தோய்த்து, சிவப்புக் கரை வைத்து ஜன்னல் திரை போட்டிருந்தார். தேயிலைப் பெட்டி இரண்டை அடுக்கிக் கதவு வைத்தார், அது அலுமாரி. உடைந்த சைக்கிள் வளையம் முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம். வெறும் சோடாப் போத்தல்களைத் தலைகீழாகப் புதைத்துப் பூப்பாத்திக்கு வரம்பு கட்டியிருந்தார். முப்பத்திரண்டு போத்தல். எல்லாவற்றிலும் என்னைக் குத்தியது ரின்பால் வந்த தகரப் பேணியில் செய்த விளக்குத்தான். பேணியைச் சுற்றி ஆணியால் பூவும் கொடியுமாகத் துளைத்திருந்தார். உள்ளே விளக்கை வைத்தால் சுவரெல்லாம் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் பூக்கும்.

கடைக்குக் கொடுத்தது சுண்ணாம்புக்கும் நீலத்துக்கும் மட்டும்தான் என்று அவருடைய மனைவி சொன்னாவாம். என் மனைவி அதை வந்து சொன்னபோது நான் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டேன்.

"அந்த அக்கா சொல்லுறா, மனமிருந்தால் குப்பையும் வடிவுதானாம்" என்றாள்.

"எங்களுக்கு மனமில்லை எண்டோ சொல்லுறாய்?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. சாப்பிடுங்கோ."

இந்த நிலைமையில்தான் மாமனாரின் கடிதம் வந்தது. மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். முதற்பேறு தாய்வீட்டில்தான், அதில் வழக்கு இல்லை. ஆனால் மாமா எழுதியிருந்தது வேறு. 'சனிக்கிழமை வந்து வீட்டைப் பார்ப்பேன். காட்டுக்குள் ஒரு கொட்டிலில் என் பிள்ளை கிடக்கிறாள் என்று ஊர் கதைக்கிறது. அது உண்மையானால் பேறு முடிந்து பிள்ளையையும் பேரனையும் அங்கே அனுப்பமாட்டேன். நீர் வேண்டுமானால் இங்கே வாரும்.'

மாமா சொன்னால் செய்கிறவர். என் மூன்று ஏக்கரை விட்டுவிட்டு மாமனார் வீட்டு விறாந்தையில் போய்க் குந்துவதா, மனைவியும் பிள்ளையும் இல்லாமல் இங்கே தனிய இருப்பதா? ஒன்பது நாள் இருந்தது. இதையெல்லாம் யோசித்திருக்க வேண்டிய மனிதன் நான் யோசித்தது என்ன தெரியுமா? தெருவால் வரும்போது மாமா முதலில் ஒன்பதாம் வீட்டைப் பார்ப்பார். அதைப் பார்த்த கண்ணோடு என் வீட்டுக்கு வருவார். இதுதான் என்னை நித்திரை கொள்ளவிடவில்லை.

அவர் செய்ததையெல்லாம் நானும் செய்யத் தொடங்கினேன். மாப்பைத் துணி மஞ்சளில் திட்டுத்திட்டாக வந்தது, வியாதிக்காரன் கண்போல. பேணியில் ஆணி அடித்தால் பேணி நசுங்கியது. நான்கு பேணி நசுக்கினேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவரிடம் "அண்ணை, இதை எப்படிச் செய்தனீங்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எஸ்.எஸ்.சி. படித்த வாய் மூன்றாம் வகுப்பிடம் கேட்கவில்லை.

எஞ்சியது சுவர். நான் அடித்த சுண்ணாம்பு சாய்ந்தவர்களின் முதுகில் ஒட்டியது. அவர் வீட்டுச் சுவரில் கையைத் தேய்த்தாலும் ஒட்டாது. என்ன மருந்து என்று அறிய, புதன்கிழமை அவர் சுண்ணாம்பு கரைத்தபோது நான் தென்னங்கிடுகு வேலி ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். ஓட்டை சிறிது. அவருடைய கையும் தேங்காய்ச் சிரட்டையும் மட்டும் தெரிந்தன. சிரட்டையில் உப்பு. எண்ணினேன். ஒன்பது சிரட்டை.

அன்று பின்னேரமே ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் சுண்ணாம்பு கரைத்து, ஒன்பது சிரட்டை ஆனையிறவு உப்பைப் போட்டு, முன்சுவர் முழுவதும் இரண்டு பூச்சு அடித்தேன். வெள்ளிக்கிழமை காய்ந்தபோது சுவர் பளபளவென்று மினுங்கியது. அவர் வீட்டைவிட வெள்ளை. நான் தெருவில் பத்தடி தள்ளி நின்றும் இருபதடி தள்ளி நின்றும் பார்த்தேன். ஒரு சைக்கிள்காரர் என் வீட்டுக்கு முன்னால் காலை ஊன்றினார். அந்த ஒரு நாள் நான் சந்தோஷமாக இருந்தேன்.

சனிக்கிழமை காலை, பின்பக்கக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தேன். மாமாவைப் பகல் பஸ்ஸுக்குத்தான் எதிர்பார்த்தோம். முன்பக்கத்தில் சர், சர் என்று ஒரு சத்தம். யாரோ காய்ந்த ஓலையைக் கிழிப்பது போல. பிறகு மனைவி கத்தினாள்.

ஓடிப்போய்ப் பார்த்தால், அறுவடை முடிந்து வயலில் அவிழ்த்துவிட்ட கட்டாக்காலி மாடுகள். ஏழு. முன்சுவரோடு வரிசையாக நின்று, பந்தியில் இருந்தவர்கள்போல ஒரே சீராக என் சுவரை நக்கிக்கொண்டிருந்தன. எட்டாவதாக ஒரு நாம்பன் காளை விறாந்தையில் முன்னங்கால் இரண்டையும் வைத்துவிட்டுக் கதவுநிலையை நக்கியது. உள்ளே மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பின்கதவால ஓடு! அக்கா வீட்டை போ!" என்று கத்தினேன். அவள் போய்விட்டாள். நான் மண்வெட்டிப் பிடியோடு மாடுகளைத் துரத்தினேன். இந்தப் பக்கம் துரத்தினால் வீட்டைச் சுற்றி அந்தப் பக்கத்தால் வந்து திரும்பவும் நக்கின. அப்படியான ருசி.

அயல் அண்ணை கயிற்றோடு ஓடி வந்தார். இருவருமாக மாடுகளை வாய்க்காலுக்கு அப்பால் கலைத்தோம். திரும்பி வந்து அவர் சுவரில் விரலைத் தடவி நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது.

"தம்பி, எத்தினை உப்புப் போட்டனீர்?"

"நீங்கள் போட்ட அளவுதான். ஒம்பது சிரட்டை."

"நான் போட்டது தார்ப் பீப்பாவுக்கெல்லே! பிள்ளையார் கோயில் மதிலுக்கும் சேர்த்துக் கரைச்சது. நீர் எதில கரைச்சனீர்?"

நான் மண்ணெண்ணெய்த் தகரத்தைக் காட்டினேன். அவர் சிரித்திருந்தால் எனக்குக் கோபமாவது வந்திருக்கும். அவர் சிரிக்கவில்லை. நான் எங்கே நின்று எண்ணினேன் என்றும் கேட்கவில்லை.

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பனே" என்றார். "சரி, வாரும். பிள்ளை பயந்துபோனா, முதல்ல அவாவைப் பாப்பம்."

அவருடைய வேலிப் படலைக்கு வந்தபோது உள்ளே ஒரு சிரிப்புக் கேட்டது. என் மாமாவின் சிரிப்பு. நெல் லொறி ஒன்றில் இடம் கிடைத்து அவர் முன்னதாகவே வந்து இறங்கிவிட்டார். தெருவால் நடந்து வந்தவர், ஒன்பதாம் வீட்டு விறாந்தையில் தன் மகள் இருப்பதைக் கண்டு, இதுதான் வீடு என்று நேரே உள்ளே போய்க் கதிரையில் இருந்துவிட்டார். வீட்டுக்கார அக்கா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தா. மாமா திரையைத் தடவிப் பார்ப்பதும், அலுமாரிக் கதவைத் திறந்து மூடுவதும் படலையடியிலிருந்து தெரிந்தன.

மாமாவின் கடிதத்தால் எங்களுக்கு வந்த நிலைமை தெருவுக்கே தெரியும். அண்ணை என் முழங்கையைப் பிடித்தார்.

"தம்பி, ஒண்டும் பேசாமல் உள்ள போம். பின்னேரம் போற மனுசன். நான் அயலுக்குள்ளால வந்தவனாய் இருக்கிறன்."

நான் முதலில் உள்ளே போனேன். என் கோலத்தைப் பார்த்து மாமா "என்ன தம்பி, உடம்பெல்லாம் சுண்ணாம்பு?" என்றார்.

"பக்கத்து வளவுக்குள்ள மாடு, மாமா."

"நான் பிழையாய் நினைச்சுப்போட்டன். காடு, கொட்டில் எண்டு சொன்னவங்களைக் கூட்டிவந்து இதைக் காட்டோணும். உம்மட கையில இவ்வளவு வேலை இருக்கெண்டு எனக்குத் தெரியாது."

மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணை தன் வீட்டுப் படலையில் நின்று அந்நியனைப்போல ஒருமுறை செருமிவிட்டு, உள்ளே வந்து விறாந்தை ஓரத்தில் குந்தினார். தன் கதிரையில் என்னை இருக்கவிட்டு.

ஒன்றரை வருடமாக நான் எண்ணிக்கொண்டிருந்த ஒவ்வொரு பொருளும் இப்போது என்னுடையது. அலுமாரி என்னுடையது. முப்பத்திரண்டு போத்தலும் என்னுடையவை. வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதல் கால் மணி நேரம் எனக்கு அது நன்றாகவே இருந்தது. காலை நீட்டிக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன்.

தண்ணீர் கேட்டுக் குசினிக்குப் போனேன். மனைவி பின்னால் வந்து மெல்லச் சொன்னாள்: "நான் ஐயாவுக்குப் பொய் சொல்லேல்லை. அவர் தானாய் வந்து இருந்திட்டார். ஆனால் உண்மையும் சொல்லேல்லை. இனி உங்கட பாடு."

திரும்பி வந்தபோது மாமா பேணி விளக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இவ்வளவு மெல்லிய தகரம். ஆணி அடிக்கேக்கை நசுங்காமல் எப்படிப் பார்த்தனீர்?"

நான்கு பேணி நசுக்கியவனுக்கு என்ன தெரியும்? மாமா காத்திருந்தார்.

விறாந்தை ஓரத்திலிருந்து குரல் வந்தது. "பேணிக்குள்ள ஈரமண்ணை இறுக்கி அடைச்சுப்போட்டு அடிக்கோணும், ஐயா. தம்பிதான் எனக்கும் சொல்லித் தந்தவர்."

நான் அந்த மனிதரைப் பார்த்தேன். முகத்தில் குத்தலோ இளக்காரமோ கிடையாது. நான் வேலி ஓட்டையில் நின்று திருடப் பார்த்த கைத்திறனை அவர் என் மாமனாருக்கு முன்னால் என்னுடைய வித்தையாகவே எடுத்துத் தந்துவிட்டார். வீட்டைத் தந்தார், கதிரையைத் தந்தார், இப்போது இதையும். அந்த நிமிஷம் எனக்கு வந்தது நன்றி என்று எழுத ஆசைதான். வந்தது பொறாமை. வீட்டில்தான் என்னைவிட மேல் என்றால், கொடுப்பதிலும் இவர் மேலா? இனி வாழ்நாள் முழுவதும் வேலிக்கு அந்தப் பக்கம் இவரைப் பார்க்கும்போதெல்லாம் நான் இவ்வளவு சிறியவனாக நிற்க வேண்டுமா? அது மட்டும் என்னால் முடியாது.

"மாமா, இது என்ர வீடில்லை" என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது. "எல்லாம் இவர் செய்தது. இது இவற்ற வீடு. என்ர வீடு அடுத்தது. மாடு நக்கின வீடு."

அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். அக்கா குசினிக்குள் போய்விட்டா. மாமா விளக்கை இருந்த இடத்தில் வைத்தார். சால்வையை எடுத்துத் தோளில் போட்டார்.

"நடவும்" என்றார்.

என் வீட்டுச் சுவரில் ஒன்பது இடத்தில் சாந்து தெரிந்தது. மீதி இடமெல்லாம் எச்சில் வழிந்து காய்ந்த கோடுகள். மாமா உள்ளே போனார். திட்டுத் திரையைப் பார்த்தார். கட்டிலுக்குக் கீழே கிடந்த நசுங்கிய பேணிகளைப் பார்த்தார். குசினியை எட்டிப் பார்த்து வெளியே வந்து, விறாந்தைப் படியில் நின்றபடி மகளைக் கேட்டார்.

"பிள்ளை, நீ என்ன சொல்லுறாய்?"

"பேறுக்கு வாறன், ஐயா. நாப்பத்தொண்டாம் நாள் கழிய இஞ்சதான் திரும்பி வருவன்."

மாமா என்னிடம் திரும்பினார்.

"வீடு வடிவில்லை, தம்பி. ஆனால் நான் கேளாமலே உண்மையைச் சொன்னீர். பொய்யில்லாத இடத்தில பிள்ளையை விடலாம். அவள் வாறதுக்குள்ள சுவரைக் கழுவி வையும்."

அன்று பின்னேரமே மனைவியை அழைத்துக்கொண்டு போனார். சொன்னபடி குழந்தையோடு கொண்டுவந்தும் விட்டார். இடையில் நான் ஒன்பதாம் வீட்டுப் படலையில் நின்று, "அண்ணை, சுவருக்கு என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். கேட்க எனக்குப் பதினோரு நாள் எடுத்தது. அவர் உடனே வந்து, மூன்று தரம் நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லி, தானும் ஒரு தூரிகையோடு நின்றார். என் வீடும் ஒருமாதிரி அழகாகியது. தெருவில் இரண்டாவது அழகு. முதலாவதை என்னால் கடைசிவரை பிடிக்க முடியவில்லை. அந்தக் குறை இன்னும் போகவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

மாமா சாகும்வரை என்னை ஊரெல்லாம் மெச்சினார். "என்ர மருமகனுக்குப் பொய் வராது" என்பார். நான் அன்று எதனால் வாய் திறந்தேன் என்று அவரிடமோ மனைவியிடமோ சொன்னதில்லை. அயல் அண்ணைக்கு மட்டும் விளங்கியிருக்கலாம், அவரும் கேட்கவில்லை. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன். யாராவது நான் செய்த நல்ல காரியம் ஒன்றைச் சொல்லிப் புகழும்போது, இதை யார்மேல் எரிச்சலில் செய்தேன் என்று எனக்குள் ஒருமுறை தேடிப் பார்க்கிறேன். பெரும்பாலும் ஒரு முகம் அகப்படத்தான் செய்கிறது.