பெட்ரோல் பாடும், டீசல் தள்ளும்

ஐம்பத்து மூன்று வயதில் ஒரு பெண், "ஓட்டுற சந்தோஷத்துக்காகவே எனக்கு ஒரு கார் வேணும்" என்று சொன்னால் எங்கள் காலனியில் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். "ரெண்டு பேருக்கு எதுக்குங்க அவ்ளோ பெரிய வண்டி?" என்பார்கள். பள்ளியில் சொன்னால் எலக்ட்ரிக் வாங்கச் சொல்லி ஒரு பீரியட் முழுக்க எனக்கே வகுப்பெடுப்பார்கள். அதனால் என் கணவரைத் தவிர வேறு யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. அவர் மட்டும்தான், "மேனுவலா, ஆட்டோமேட்டிக்கா?" என்று கேட்டார். மேனுவல் என்றேன். "அப்ப சரி" என்றார். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டது தப்பே இல்லை என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல், பாடுகிறவள். கோபம் சட்டென்று வரும், அதைவிடச் சட்டென்று போகும். அவர் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில், இரும்புத் தகட்டை அடித்து வளைக்கிற பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். இருபத்தெட்டு வருடமாக அந்தச் சத்தத்துக்குள் நிற்கிறவர். வீட்டுக்கு வந்தால் அதிகம் பேசமாட்டார். கார் பற்றி என்றால் மட்டும் நிறுத்தமாட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சின்ன கார் ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே கிளம்பிவிடும். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி ஒரு கடையில் காபி, பிறகு வீடு. போகும்போது ஒருவர் ஓட்டுவோம், வரும்போது மற்றவர். பன்னிரண்டு வருடத்தில் இந்த முறை ஒரு தடவைகூட மாறியதில்லை. காய்ச்சல் என்றால்கூடத் தன் பங்கை யாரும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆகவே புதிதாக வருகிற வண்டி இரண்டு பேருக்கும் பிடிக்க வேண்டும், ஒருவருக்குப் பிடிக்காவிட்டாலும் வாங்குவதில்லை என்று பேசிவைத்தோம். அவர் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம்தான். இன்ஜின் உள்ள வண்டியாக நாங்கள் வாங்கப்போவது இதுதான் கடைசி என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

என்ன வண்டி என்பதில் சண்டை இல்லை. தாழ்வாக உட்கார்ந்து, வளைவில் தரையைப் பிடித்துக்கொண்டு போகிற ஒரு ஸ்போர்ட்ஸ் செடான். இப்போது புதிதாக வருவதில்லை, பழசுதான் கிடைக்கும். பெட்ரோலா டீசலா என்பதில்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது. நான் பெட்ரோல் கட்சி. எனக்கு இன்ஜின் பாட வேண்டும். அவர் டீசல் கட்சி. அவருக்கு முதுகில் கை வைத்துத் தள்ள வேண்டும்.

"டீசல்னா லாரி மாதிரி கடகடன்னு இருக்கும்ங்க. நாலாயிரம் ஆர்.பி.எம். போனா மூச்சு வாங்கும்."

"உன் பெட்ரோல் ஆறாயிரம் போகட்டும். ஜி.எஸ்.டி. ரோட்டுல ஆறாயிரம் எங்க போவ நீ? பெருங்களத்தூர் சிக்னல்லயா?"

இரண்டு மாதம் இதுதான் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைப் பேச்சு. நான் கரும்பலகை இல்லாமலே, இன்ஜினின் இழுவிசையைக் காட்டும் டார்க் வளைவுகளைக் காற்றில் வரைந்து காட்டினேன். அவர் இட்லியை வெட்டி கியர் விகிதம் விளக்கினார். இவ்வளவு சந்தோஷமாக நாங்கள் சண்டை போட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

கூடுவாஞ்சேரியில் பழைய கார் விற்கிற ஒருவரிடம் அதே மாடலில் இரண்டுமே நிற்கின்றன என்று தெரிந்தது. ஒரு சனிக்கிழமை என் கணவர் ஷிப்ட் முடிந்து நேராக அங்கே வந்துவிட்டார். சீருடைகூட மாற்றவில்லை. காலில் இரும்பு முனை வைத்த சேஃப்டி ஷூ.

"வாங்க சார், வாங்க மேடம். ரெண்டும் ஒரே வூட்டுப் புள்ளைங்க மாதிரி கீது. எத்த வேணா எடுத்துகினு போங்க. ஓட்டிப் பாத்துட்டு சொல்லுங்க" என்றார் கார்க்காரர். சாவியை நீட்டிவிட்டுத் தானும் பின் சீட்டில் ஏறிக்கொண்டார்.

முதலில் பெட்ரோல். நான் ஓட்டினேன். இரண்டாவது கியரில் மிதித்ததும் மூவாயிரம் வரை சும்மா முனகிக்கொண்டிருந்த இன்ஜின், நாலாயிரத்தைத் தாண்டியதும் குரலைத் திறந்தது. ஐயாயிரத்தில் அதற்கு மேலே இன்னொரு மெல்லிய ஓசை ஏறியது. ஆறாயிரத்தில் இரண்டும் சேர்ந்துகொண்டன. நான் வாய்விட்டுக் கத்தினேன். பின் சீட்டிலிருந்து, "மேடம், மேடம், முன்னாடி ஷேர் ஆட்டோ!" என்று அலறல் வந்தது. பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"கேட்டீங்களா? கேட்டீங்களா?" என்று என் கணவரைக் கேட்டேன்.

"ம். நல்லா இருக்கு" என்றார்.

அடுத்து அவர் ஓட்டினார். மூவாயிரத்திலேயே கியரை மாற்றிவிட்டார். "இன்னும் கொஞ்சம் விடுங்க!" என்றேன். அடுத்த முறை ஆர்.பி.எம். முள்ளைப் பார்த்து, ஆறாயிரம் வரும்வரை காத்திருந்து மாற்றினார். அந்த மகா சங்கீதம் வந்துபோனது. அவர் முகம் மீட்டர் ரீடிங் எடுக்க வந்தவர் முகம் போலவே இருந்தது.

பிறகு டீசல். இரண்டாயிரத்தைத் தொட்டதும் வண்டி பின்னாலிருந்து எங்களை அப்படியே தூக்கித் தள்ளியது. அவர் சிரித்தார். உரக்க, பல் தெரிய. "தள்ளுது பாரு! தள்ளுது பாரு!" அவர் முள்ளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் குக்கர் விசிலை எண்ணுவது என் வேலை, அது அவருக்குக் கேட்காது. பக்கத்து அறையில் போன் அடித்தாலும் கேட்காது. காது டாக்டர் போட்டுக் கொடுத்த வரைபடத்தை நான்தான் அவருக்கு விளக்கினேன். கோடு பாதிவரை சமமாக வந்து, மெல்லிய, உச்சஸ்தாயி ஓசைகளுக்கு வரும்போது கிணற்றில் விழுவதுபோல் விழுந்திருந்தது. பிரஸ் ஷாப் எடுத்துக்கொண்ட பங்கு அது. அந்தக் கோட்டை வாசிக்கத் தெரிந்த கணக்கு டீச்சர், இரண்டு மாதமாக அந்த மனிதரிடம் இன்ஜின் பாடுவதைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்திருக்கிறாள். அவருக்கு அது மொத்தமும் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டிருக்கும். அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது.

திரும்பி வரும்போது, "டீசலே வாங்கிடலாம்ங்க" என்றேன்.

அவர் வண்டலூரில் ஒரு பஸ்ஸை முந்திவிட்டுத்தான் கேட்டார். "ஏன்?"

"மைலேஜ்."

என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை நானே நம்பவில்லை. அவர் எப்படி நம்புவார்? வண்டியை ஓரம் கட்டினார்.

"என் காதுக்காகவா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இங்க பாரு டீச்சர். நீ விட்டுக்கொடுத்த வண்டிய ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம நீ எப்படி ஓட்டுவேன்னு பக்கத்துல உக்காந்து நான் பாத்துட்டு இருக்கணுமா? எனக்கு வேணாம்."

"அப்ப எனக்கு மட்டும் பிடிச்ச வண்டில நீங்க பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருப்பீங்க, அத நான் பாக்கணுமா?"

இருவருக்கும் பிடிக்க வேண்டும் என்ற ஒப்பந்தம் எங்களை நன்றாக மாட்டிவைத்தது. அந்த வாரம் வீட்டில் இட்லி சத்தமில்லாமல் இறங்கியது. கார்க்காரர் போன் செய்து, "இன்னா மேடம், பேஜாரா பூட்ச்சு. ரெண்டும் வித்துட்ச்சு" என்றபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. பழைய சின்ன வண்டியிலேயே காலத்தை ஓட்டிவிடலாம் என்று முடிவுக்கு வந்திருந்தேன். அந்த முடிவில் எனக்குத் துளி சந்தோஷமும் இல்லை.

மூன்று வாரம் கழித்து, சேலையூரில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் தன் செடானை விற்கிறார் என்று பாடகர் குழுவில் ஒருவர் சொன்னார். அதே மாடல், பெட்ரோல். நான் போகவேண்டாம் என்றேன். என் கணவர்தான், "சும்மா பாத்துட்டு வருவோம், வா" என்று கிளப்பினார்.

வண்டி போர்ட்டிகோவில் நின்றது. ஒன்பது வயது வண்டி என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. அதன் பக்கத்தில் ஒரு செருப்பு ஸ்டாண்டு இருந்தது. வீட்டு வாசலுக்குத் தனியாக இன்னொன்று இருந்தது. இது காருக்கு.

"சார், ஷூவ கழட்டிட்டு ஏறுங்க" என்றார் அதிகாரி. "இந்த கார்பெட்ல இதுவர ஒரு செருப்பு பட்டதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எப்போதும் செருப்பைக் கழற்றி சீட்டுக்கடியில் தள்ளிவிட்டுத்தான் ஓட்டுவேன். அதற்காக என் கணவரிடம் வாரா வாரம் திட்டு வாங்குகிறவள். தொழிற்சாலையில் பாதுகாப்புக் குழுவில் இருக்கிறவர் இவர். வெறுங்காலோடு பெடலை மிதிப்பவர்களைப் பார்த்தால் இவருக்கு ஆகாது.

"சார், அது சேஃப் இல்ல" என்று தொடங்கினார்.

"அப்ப பாத்துட்டு மட்டும் போங்க" என்றார் அதிகாரி. சாவி அவர் கையிலேயே இருந்தது.

என் கணவர் ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றி, மடித்து, ஷூவுக்குள் வைத்தார். வெள்ளைப் பாதங்களோடு, பள்ளிக்கூடத்தில் முட்டி போட்டவர் முகத்தோடு ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தார். அதிகாரி போர்ட்டிகோவிலேயே நின்றுகொண்டார். நாங்கள் இருவர் மட்டும் அகரம்தென் சாலை வழியாகப் போய் வண்டலூர் கேளம்பாக்கம் சாலையைப் பிடித்தோம்.

அங்கே சாலை சற்றுக் காலியானது. அவர் இரண்டாவது கியரில் மிதித்தார். இன்ஜின் குரலைத் திறந்ததும் வெளியே பார்த்துக்கொண்டேன், என் முகத்தை அவர் பார்த்துவிடக்கூடாது என்று. கியர் மாறவில்லை. ஓசை ஏறிக்கொண்டே போனது. சரியாக அந்த இடத்தில், நானாக இருந்தால் மாற்றுகிற அதே இடத்தில், கியர் மாறியது. திரும்பிப் பார்த்தேன். அவர் கண் சாலையில் இருந்தது, முள்ளில் இல்லை.

மூன்றாவது கியரிலும் அப்படியே.

"எப்படிங்க?" என்றேன்.

வண்டியை மெதுவாக்கி, மரத்தடி ஒன்றில் நிறுத்தினார். இன்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் வைத்து மறுபடி மிதித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு தன் பாதத்தையே பார்த்தார்.

"கால்ல வருது" என்றார். "மொதல்ல தடதடன்னு இருக்கு. அப்புறம் நெருக்கமாயிட்டே போய், ஊசி ஊசியா குத்துது. மேல போகப் போக வழவழன்னு ஒண்ணாயிடுது. பிரஸ்ஸ கை வெச்சுதானே பாப்போம் நாங்க. மெஷின் உடம்புல உள்ளங்கைய வெச்சா டைன்னு சொல்ற அச்சு சரியா உக்காந்திருக்கா இல்லயான்னு தெரிஞ்சிடும். சத்தம் யாருக்கு வேணும்? அன்னைக்கு அந்தச் சேஃப்டி ஷூவுல என்ன தெரியும்? அது கிலோ கணக்குல இருக்கு. டீசல்தான் அதையும் மீறி வந்துச்சு."

இருபத்தெட்டு வருடம் கையால் கேட்டவர், பாதுகாப்பு விதிக்குப் பயந்து காலுக்கு அந்த வேலையைக் கொடுக்கவே இல்லை. நான் சிரித்தேன், கூடவே அழுதேன். அவர் பதறிப்போய், "என்ன, என்ன?" என்றார். ஒன்றுமில்லை, இறங்குங்க, வரும்போது என் பங்கு என்றேன்.

இடம் மாறி உட்கார்ந்தோம். அவர் இரண்டு பாதங்களையும் தரையில் அப்பிக்கொண்டார். நான் முதல் கியரில் கிளம்பினேன். இன்ஜின் ஏறியது. மாற்றலாம் என்று என் காது சொன்ன நேரத்தில் பக்கத்திலிருந்து, "இப்ப" என்றார். மாற்றினேன். இரண்டாவதில் பாடல் மறுபடி தொடங்கியது. நான் காத்திருந்தேன். "இப்ப." என் கை அப்போதுதான் கியரை நோக்கிப் போயிருந்தது. என்னோடு ஒரே வரிசையில் நின்று ஒரே சுரத்தைப் பிடிக்கிற ஆள் இத்தனை வருடம் என் வீட்டிலேயே இருந்திருக்கிறார்.

மூன்றாவதில் வண்டி நன்றாகத் திறந்துகொண்டது. எனக்குப் பிடித்த அந்த மேல் ஓசைக்காக நான் காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

"இப்ப" என்றார்.

"இல்லைங்க, இன்னும் வரல" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் அது எனக்குக் கேட்டது.